கத்திரி வெயிலும் உளூத் தண்ணீரும்

 

சிந்தாதிரிப்பேட்டையில் அஸர் தொழுதுவிட்டுப் பள்ளிவாசல் படியிறங்கிக் கொண்டிருந்தேன். ஓர் இளைஞர் என்னை நிறுத்தி ஒரு மஸ்அலா கேட்டார்.

"ஹஜ்ரத், வீட்டு மாடியில செடி வெச்சிருக்கோம். கத்திரி வெயில்ல எல்லாம் கருகுது. உளூ செய்யிற தண்ணிய வாளியில புடிச்சு ஊத்துறோம். எங்க நன்னிமா கூடாதுங்கிறாங்க. 'உளூத் தண்ணியில பாவம் கழுவிப் போயிருக்கு, அதக் கறிவேப்பிலைக்கு ஊத்தி, அந்த எலையையே குழம்புல போடுறியா'ன்னு திட்டுறாங்க. ஊத்தலாமா, கூடாதா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு அந்த மூதாட்டியின் மீது மதிப்புத்தான் உண்டாயிற்று. உளூச் செய்யும்போது முகத்திலிருந்தும் கைகால்களிலிருந்தும் விழும் நீரோடு சிறு பாவங்களும் வெளியேறிவிடுகின்றன என்னும் கருத்துள்ள ஹதீஸ் முஸ்லிம் ஷரீஃபில் இருக்கிறது. அதை எங்கோ பயானில் கேட்டு, இத்தனை வயதிலும் நெஞ்சில் வைத்திருக்கிறார்கள். ஆனால் பாவம் வேறு, நஜீஸ் வேறு. பாவம் வேர் வழியாக ஏறி இலைக்கு வருவதில்லை.

மஸ்அலா இதுதான். உளூவுக்குப் பயன்பட்டு உதிர்ந்த தண்ணீருக்கு ஃபிக்ஹு நூல்களில் 'முஸ்தஃமல்' என்று பெயர். ஷாஃபிஈ மத்ஹபில் அது தூய்மையானது. ஆனால் அதைக் கொண்டு மறுபடி உளூச் செய்ய முடியாது. ஹனஃபி மத்ஹபில் முன்னோர்களிடையே இதைப் பற்றிக் கருத்து வேற்றுமை இருந்தாலும், ஃபத்வா இமாம் முஹம்மது (ரஹ்) அவர்களின் சொல்லின்மீதே இருக்கிறது. அதன்படியும் அது தூய்மையானதே. நம் சென்னையில் ஒரே ஸஃப்பில் இரண்டு மத்ஹபினரும் தோளோடு தோள் நிற்கிறோம் அல்லவா, அதனால் இரண்டையும் சொல்லிவிட்டேன். ஆகவே செடிக்குத் தாராளமாக ஊற்றலாம். உளூவில் சோப்பும் இல்லை, சோடாவும் இல்லை. செடிக்கும் கெடுதல் கிடையாது.

இளைஞர் ஸலாம் சொல்லிப் போய்விட்டார். எனக்கு மட்டும் அந்தப் பேச்சு மனத்தை விட்டுப் போகவில்லை. அதற்கு என் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைப் பிறகு சொல்கிறேன்.

நம் பேட்டையே ஒரு காலத்தில் தோட்டமாக இருந்தது. கூவம் ஆறு மூன்று பக்கமும் வளைந்து சூழ்ந்த இந்த நிலம், கும்பெனியாரின் பெருவணிகராக இருந்த சுங்குராமருடைய தோட்டம். 1734-ஆம் ஆண்டு, ஜார்ஜ் மார்ட்டன் பிட் என்பவர் கவர்னராக இருந்தபோது, அதை எடுத்து நெசவாளர்களையும் நூல் நூற்பவர்களையும் குடியேற்றினார்கள். சின்னத் தறிப் பேட்டை என்பதே சிந்தாதிரிப்பேட்டை ஆயிற்று என்பார்கள். தோட்டம் போய்த் தறி வந்தது; தறியும் போய் இன்று மீன் அங்காடியும் அச்சகங்களும் அடுக்கு வீடுகளும் வந்திருக்கின்றன. சந்துகளில் மண் என்பதே கண்ணில் படாது. எஞ்சிய பச்சை இரண்டு இடத்தில்தான்: ஒன்று மே தினப் பூங்கா, மற்றொன்று நம் வீட்டு மொட்டை மாடித் தொட்டிகள்.

அந்தத் தொட்டிகளைச் சாமானியமாக நினைத்துவிட வேண்டாம். ஒரு முஸ்லிம் மரம் நட்டாலோ பயிரிட்டாலோ, அதிலிருந்து மனிதனோ பறவையோ கால்நடையோ உண்பது அவருக்கு ஸதக்காவாக ஆகிறது என்று நாயகம் (ஸல்) அவர்கள் அறிவித்திருக்கிறார்கள். அனஸ் (ரளி) அவர்களின் இந்த அறிவிப்பு புகாரி, முஸ்லிம் இரண்டிலும் உள்ளது. முஸ்லிமில் வேறோர் அறிவிப்பில் இன்னும் ஒன்று கூடுதலாக வருகிறது: அதிலிருந்து திருடப்பட்டதும் அவருக்கு ஸதக்காதான்! விடியற்காலையில் சுவருக்கு மேலே கையை நீட்டிச் செம்பருத்தியையும் மல்லிகையையும் பறித்துப் போகிறவர்களைப் பார்த்து, ஸுப்ஹு தொழுத வாயாலேயே ஏசுகிற நம் பெரியவர்கள் இந்த ஹதீஸைக் கொஞ்சம் நினைத்துக் கொள்ள வேண்டும். கொய்யாப் பிஞ்சைக் கடித்துப் போட்ட அணிலும் உங்கள் ஏட்டில் ஒரு வரி எழுதிவிட்டுத்தான் போகிறது.

மறுமை நாளே வந்துவிட்டாலும் கையிலிருக்கும் கன்றை நட முடிந்தால் நட்டுவிடும்படி ஏவிய ஹதீஸையும் நாம் அறிவோம். நடுவதைப் பற்றி மேடைகளில் நிறையச் சொல்கிறோம். நட்டதைக் காப்பாற்றுவது பற்றிப் பேசுவது குறைவு. ஷாஃபிஈ மத்ஹபில் இமாம் நவவி (ரஹ்) அவர்களின் 'மின்ஹாஜ்' நூலுக்கு விரிவுரை எழுதிய பெருமக்கள், ஜீவனாம்சத்தைப் பற்றிய பாடத்தின் கடைசியில் இதையும் தொட்டிருக்கிறார்கள். கால்நடை வைத்திருப்பவன் அதற்குத் தீனியும் தண்ணீரும் கொடுப்பது கடமை. மறுத்தால் அவனைக் கட்டாயப்படுத்த வேண்டும். பயிருக்கும் மரத்துக்கும் உயிருள்ள பிராணிக்குரிய அந்தக் கடமை இல்லை. ஆயினும், ஊற்ற முடிந்திருந்தும் ஊற்றாமல் காயவிடுவது மக்ரூஹ். ஏனென்றால் அது பொருளை வீணாக்குவது. மனைவி மக்களுக்குச் செலவு செய்யும் சட்டத்தைப் பேசும் அதே பாடத்தில் செடிக்குத் தண்ணீர் ஊற்றுவதும் இடம் பெற்றிருக்கிறது.

'முடிந்திருந்தும்' என்ற சொல்லைக் கவனியுங்கள். சென்னையில் வைகாசி மாதத்தில் அந்தச் சொல்தான் நெருடுகிறது.

இவ்வூர்க் கோடையைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 2003 மே மாத முடிவில் நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி செல்சியஸ் பதிவாயிற்று. மேற்கிலிருந்து வரும் வறண்ட காற்று வலுத்து, கடற்காற்று உள்ளே நுழையத் தாமதமாகும் நாளில், மொட்டை மாடித் தளம் தோசைக்கல்லாகிவிடும். நிலத்தில் நிற்கும் மரத்தின் வேர் கீழே குளிர்ந்த மண்ணைத் தேடிப் போகும். தொட்டிச் செடியின் வேருக்குப் போக வழியில்லை. நான்கு பக்கமும் அடியும் சேர்ந்து வேகும். அதனால் முதற் காரியமாகத் தொட்டிகளைத் தளத்திலிருந்து தூக்கிச் செங்கல் மேலோ பலகை மேலோ வையுங்கள். தனித்தனியே நிறுத்தாமல் நெருக்கிக் கூட்டமாக வையுங்கள். ஒன்றின் நிழல் மற்றொன்றின் தொட்டியில் விழட்டும். மேற்கு வெயில் படும் பக்கம் தென்னங்கீற்றோ, பழைய சாக்கோ, கடையில் விற்கும் பச்சை நிழல்வலையோ கட்டலாம். மண்ணின் மேலே காய்ந்த சருகு, தேங்காய் நார், கரும்புச் சக்கை எது கிடைத்தாலும் இரண்டு விரல் கனத்துக்கு மூடாக்குப் போடுங்கள். இந்த ஒன்றிலேயே தண்ணீர்ச் செலவு வெகுவாகக் குறையும்.

ஊற்றும் நேரம் ஸுப்ஹுக்குப் பிறகு. அது முடியாவிட்டால் அஸருக்குப் பிறகு. கடும் வெப்பத்தில் லுஹர் தொழுகையையே வெப்பம் தணியும்வரை பிற்படுத்தச் சொன்ன மார்க்கம் நம்முடையது. செடிக்கு மட்டும் உச்சி வெயிலில் ஊற்றுவானேன்? மாடிக் குழாயில் முதலில் வரும் தண்ணீர் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கும்; அதை வாளியில் பிடித்து ஆறவிட்டுத்தான் ஊற்ற வேண்டும். நண்பகலில் இலை தொங்கினால் உடனே பதறிவிட வேண்டாம். வெயிலுக்கு இலையை மடக்கிக் கொள்வது செடியின் சுபாவம். அந்தியிலும் நிமிராவிட்டால்தான் தாகம். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பாருங்கள். ஈரம் இருந்தால் அன்றைக்கு வேண்டாம். தினமும் ஒரு தம்ளர் தெளிப்பதைவிட, ஒருநாள் விட்டு ஒருநாள் அடிவரை நனையும்படி ஊற்றுவது மேல். மேலே தெளித்தால் வேரும் மேலேயே சுற்றிக் கொண்டிருந்து, ஒரு நாள் மறந்தால் மாண்டுவிடும். பெரிய தொட்டியாக இருந்தால் பூச்சில்லாத சிறு மண்கலயத்தைக் கழுத்துவரை புதைத்து நீர் நிரப்பி மூடிவிடுங்கள். கலயம் கசிந்து கசிந்து வேருக்குக் கொடுக்கும். இந்த மாதத்தில் உரம் போடுவதும் தொட்டி மாற்றுவதும் வேண்டாம். காய்ச்சலில் கிடப்பவனுக்குப் பிரியாணி கொடுப்பார்களா?

ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைப் பற்றியும் ஒரு வார்த்தை. தொட்டி மண்ணின்மேல் வெள்ளையாக உப்புப் பூத்து, இலையின் ஓரம் பழுப்பாகக் கருகினால் அது வெயிலின் வேலை மட்டுமல்ல, உப்பு நீரின் வேலை. வாகிஆ சூராவில், அல்லாஹ் நாடியிருந்தால் நாம் குடிக்கும் நீரை உவர்ப்பாக்கியிருப்பான் என்ற எச்சரிக்கை வருகிறது. கடற்கரை ஊர்க்காரர்களாகிய நமக்கு அது உவமையாக இல்லாமல் கண்ணெதிரே நடப்பதாகவே இருக்கிறது. நிலத்தடி நன்னீரை உறிஞ்ச உறிஞ்சக் கடல் உள்ளே வருகிறது.

இனி என் காரியத்தைச் சொல்லிவிடுகிறேன்.

2019-ஆம் ஆண்டு ரமலான் மே 7-ஆம் தேதி தொடங்கியது. கத்திரியும் நோன்பும் ஒன்றாக வந்தன. அதற்கு முன் அப்படி வந்தது 1986-ஐ ஒட்டிய ஆண்டுகளில். அந்தக் கோடையில் பூண்டி, சோழவரம், செங்குன்றம், செம்பரம்பாக்கம் நான்கு ஏரிகளும் ஏறக்குறைய வறண்டு கிடந்ததை யாரும் மறந்திருக்க முடியாது. ஜூலை 12-ஆம் தேதி ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் 25 லட்சம் லிட்டர் தண்ணீர் வந்து இறங்கியதை வேடிக்கை பார்க்கக் கூட்டம் கூடிற்று. எங்கள் சந்துக்கு லாரி வரும் நாளில், ஒரு வீட்டுக்கு இத்தனை குடம் என்று தெருவாரே கணக்கு வைத்துக் கொண்டார்கள்.

என் மாடியில் அப்போது 42 தொட்டிகள். ரோஜா எட்டு, மல்லிகை, எலுமிச்சை, மருதாணி, கறிவேப்பிலை, புதினா, ரைஹான் என்று நாம் சொல்லும் திருநீற்றுப்பச்சிலை எல்லாம் இருந்தன. எங்கள் வீட்டுப் பங்கில் நான் என் குளியலைக் குறைத்து, துணி துவைப்பதைக் குறைத்து, நாள்தோறும் இரண்டு குடம் நல்ல தண்ணீரைச் செடிகளுக்கு ஊற்றி வந்தேன். என் பங்கைத்தானே ஊற்றுகிறேன். குருவி வந்து கொத்துகிறது. ஸதக்கா நடக்கிறது என்று உள்ளத்தில் ஒரு திருப்தி. பெருமை என்று சொல்லிவிட்டாலும் பொய்யாகாது.

ஒரு நாள் ஸஹர் முடித்து, ஸுப்ஹு தொழுதுவிட்டு வந்து ஊற்றிக் கொண்டிருந்தேன். கீழே ஏதோ சத்தம் கேட்கவே எட்டிப் பார்த்தேன். மாடித் தண்ணீர் வடியும் குழாயின் அடியில் ஒரு பிளாஸ்டிக் குடம். பக்கத்து வீட்டில் குடியிருக்கும் பெண் அதைப் பிடித்துக் கொண்டு நின்றார். தொட்டிகளிலிருந்து கசிந்த கலங்கல் தண்ணீர் அதில் சொட்டிக் கொண்டிருந்தது.

"என்னம்மா இது?" என்றேன்.

"உங்க மாடித் தண்ணிதான் பாய். வடிகட்டினா பின்னாடி ஊத்தறதுக்கு ஆவும். லாரி வர்ற நேரம் நான் வேலைக்குப் போயிடுறேன். வூட்டுக்காரரும் இல்ல. மாமியாரு படுத்த படுக்கை, அவங்களால எழுந்து புடிக்க முடியாது."

"எத்தனை நாளா?"

"பத்து நாளு இருக்கும் பாய். நீங்க காலையில ஊத்துவீங்க இல்ல, அப்ப கொண்டாந்து வெச்சுடுவேன்."

குறையாகச் சொல்லவில்லை. எனக்கு நன்றி சொல்வதுபோலத்தான் சொன்னார். அதைக் கேட்டு நான் கையிலிருந்த சொம்போடு அப்படியே நின்றேன். பசியையும் தாகத்தையும் உணரவே நோன்பு என்று பத்து நாளாகத் தராவீஹ் முடிந்து பயான் செய்து வந்தவன் நான். பக்கத்து வீட்டான் பசித்திருக்க வயிறு நிரம்ப உண்பவனைப் பற்றி நாயகம் (ஸல்) அவர்கள் சொன்ன கடுமையான சொல்லை எத்தனை முறை மேடையில் சொல்லியிருப்பேன்! ஒரு சுவருக்கு அப்பால் படுத்த படுக்கையாக ஒரு கிழவி கிடப்பதும், அவளைச் சுத்தம் செய்ய என் ரோஜாத் தொட்டியின் கழிவு நீர் போவதும் எனக்குத் தெரியவில்லை. தெரியாது என்று இப்போது சொல்கிறேன். கேட்கவில்லை என்பதே சரி.

ஃபிக்ஹில் எனக்குத் தெரியாத சட்டமும் அல்ல. தண்ணீரின் உரிமையை நம் இமாம்கள் இரண்டாகப் பிரித்திருக்கிறார்கள். மனிதனும் பிராணியும் தாகம் தீர்த்துக் கொள்ளும் உரிமைக்கு 'ஹக்குஷ் ஷஃபா' என்று பெயர். நிலத்துக்குப் பாய்ச்சும் உரிமைக்கு 'ஹக்குஷ் ஷிர்பு' என்று பெயர். முன்னது எப்போதும் பின்னதற்கு முந்தியது. மதீனாவில் ஸுபைர் (ரளி) அவர்களுக்கும் ஓர் அன்ஸாரித் தோழருக்கும் பேரீச்ச மரங்களுக்குப் பாயும் கால்வாய் நீர் பற்றி வழக்கு வந்தபோது, மேலேயிருந்த ஸுபைர் (ரளி) அவர்களிடம் நாயகம் (ஸல்) அவர்கள் முதலில் சொன்னது, மரங்களுக்கு ஊற்றிவிட்டுத் தண்ணீரை அண்டை வீட்டாருக்கு விட்டுவிடுங்கள் என்ற கருத்தில்தான். தோட்டத்துக்கும் தோட்டத்துக்கும் இடையிலேயே அப்படியென்றால், தோட்டத்துக்கும் நோயாளிக்கும் இடையில் என்ன சொல்வது?

அன்று முதல் லாரி வரும் நாளில் என் மகன் அந்த வீட்டுக் குடங்களையும் சேர்த்து வரிசையில் வைத்துப் பிடித்துக் கொடுத்தான். நான் செடிக்கு ஊற்றிய இரண்டு குடமும் அங்கே போயிற்று. ரோஜா எட்டும் போய்விட்டன. மல்லிகை குச்சியாயிற்று. எலுமிச்சை இலையெல்லாம் உதிர்ந்தது. அதைப் பார்க்க மனம் வலித்ததையும் மறைக்க வேண்டியதில்லை, பிள்ளைபோல வளர்த்தவை. உளூச் செய்யும் தண்ணீரை வாளியில் பிடிக்கலாம் என்ற யோசனை அப்போதுதான் எனக்கும் வந்தது.

முதல் நாள் பிடித்து அளந்தபோது வெட்கமாகப் போயிற்று. குழாயைத் திறந்துவிட்டு நான் செய்யும் ஓர் உளூவுக்கு ஆறு லிட்டர் ஆகியிருந்தது! நாயகம் (ஸல்) அவர்கள் ஒரு முத்து அளவு நீரில் உளூவையும், ஒரு ஸாஉ முதல் ஐந்து முத்து வரையிலான நீரில் குளிப்பையும் முடித்துக் கொள்வார்கள் என்று அனஸ் (ரளி) அறிவிக்கிறார்கள். முத்து என்பதற்கு இரு மத்ஹபுகளின் கணக்கில் கொஞ்சம் வேற்றுமை இருந்தாலும், ஏறக்குறைய முக்கால் லிட்டர், மிஞ்சினால் ஒரு லிட்டர் என்று வைத்துக் கொள்ளலாம். பெருகி ஓடும் ஆற்றங்கரையிலும் உளூவில் வீண் செலவு உண்டு என்று ஸஃது (ரளி) அவர்களுக்குச் சொன்னதாக இப்னுமாஜாவில் வரும் ஹதீஸின் தொடர் பற்றிப் பேச்சு உண்டென்றாலும், அதன் கருத்தை மறுத்தவர் இல்லை. குழாயை மூடிவிட்டுக் குவளையில் எடுத்துச் செய்து பழகினேன். ஒன்றரை லிட்டரில் நிறைவாக முடிந்தது. வீட்டில் நான்கு பேர், நாளுக்கு மும்மூன்று உளூ என்றால் 18 லிட்டர். ஒரு குடத்துக்கும் மேலே. அதைக் கொண்டு 17 தொட்டிகள் ரயில் தண்ணீர் வந்த நாள்வரை தாக்குப் பிடித்தன. மருதாணியும் கறிவேப்பிலையும் திருநீற்றுப்பச்சிலையும் அவற்றில் இருந்தன. பெருநாள் இரவு அந்தப் பெண்ணின் மகள் வந்து ஒரு கை மருதாணி இலை பறித்துக் கொண்டு போனாள்.

வெள்ளிதோறும் நாம் கஹ்ஃபு சூரா ஓதுகிறோம். இரவில் படுக்குமுன் முல்க் சூரா ஓதுகிறோம். கஹ்ஃபில் இரண்டு திராட்சைத் தோட்டங்களின் சொந்தக்காரன் பெருமையடிக்கிறான்; ஏழைத் தோழர் அவனை எச்சரிக்கும்போது, உன் தோட்டத்துத் தண்ணீர் நீ தேடியும் எட்டாத ஆழத்துக்குப் போய்விடக்கூடும் என்கிறார். முல்க் சூராவின் கடைசி ஆயத்தும் அதையே கேள்வியாகக் கேட்கிறது: உங்கள் தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிட்டால், ஓடும் நீரைக் கொண்டு வருபவர் யார்? இரண்டு இடத்திலும் அரபியில் ஒரே சொல், 'கவ்ர்'. அடிபம்புக்கு எட்டிய நீர் ஆழ்துளைக் கிணற்றுக்கும் எட்டாமல் போனதைக் கண்ணால் கண்ட சென்னைவாசிக்கு இந்த ஆயத்தை யாரும் தஃப்ஸீர் சொல்லி விளக்க வேண்டியதில்லை. 2003-இல் அரசாங்கம் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியபோது ஒவ்வொரு வீட்டிலும் குழாய் இறக்கினோம். அந்தக் குழாயின் அடிக்குழி தூர்ந்து போயிருக்கிறதா என்று இந்தக் கோடையிலேயே ஒருமுறை திறந்து பாருங்கள். ஐப்பசி மழை வந்தபிறகு பார்த்துப் பயனில்லை.

இன்னும் சில கேள்விகள் அடிக்கடி வருகின்றன. மீன் கழுவிய தண்ணீரை ரோஜாவுக்கு ஊற்றலாமா என்று நம் பேட்டைப் பெண்கள் கேட்பார்கள், அங்காடி பக்கத்தில்தானே! மீன் தூய்மையானது, ஊற்றலாம். உப்புப் போட்டுக் கழுவிய நீரை மட்டும் ஊற்ற வேண்டாம், அது செடிக்கு ஆகாது. சாண எரு போட்ட கீரையைப் பற்றிக் கேட்பார்கள். ஷாஃபிஈ மத்ஹபில் சாணம் நஜீஸ் என்றாலும் அதில் விளைந்தது தூய்மையானதே, மேலே ஒட்டியிருப்பதைக் கழுவிவிட்டால் போதும். பறவைகளுக்கு வைக்கும் தண்ணீர்க் கிண்ணத்தைத் தினமும் கவிழ்த்துத் தேய்த்து வையுங்கள். தொட்டியின் அடித்தட்டிலும் நீர் நிற்க விடாதீர்கள். குருவிக்கு நன்மை செய்யப் போய்க் கொசுவை வளர்த்துத் தெருவுக்கெல்லாம் டெங்குக் காய்ச்சல் கொடுத்துவிடக் கூடாது.

மஸ்அலா கேட்ட இளைஞர் அடுத்த வாரம் மறுபடி வந்தார். நன்னிமாவிடம் நான் சொன்னதை அப்படியே சொன்னாராம். அவர்கள் நெடுநேரம் யோசித்துவிட்டு, ரோஜாவுக்கும் மருதாணிக்கும் உளூத் தண்ணீர் ஊற்றிக் கொள்ளலாம், கறிவேப்பிலைக்கு மட்டும் கூடாது என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார்களாம். கறிவேப்பிலைக்கு அரிசி களைந்த தண்ணீரைத் தம் கையாலேயே கொண்டு போய் ஊற்றுகிறார்களாம். நான் மறுத்துச் சொல்லவில்லை. கறிவேப்பிலைக்கு அதுதான் இன்னும் நல்லது.